பார்த்தாச்சு சார், நல்லா இருக்கு!

தேங்காய் வாங்கும்போது என்ன செய்கிறார்கள்? விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள். காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். கண்ணைத் தடவிப் பார்க்கிறார்கள். இத்தனை பரீட்சையிலும் பாஸான தேங்காய் வீட்டுக்கு வந்து உடைத்தால் அழுகலாக இருப்பதுண்டு. போகட்டும், போனது ஒரு தேங்காய்தானே! ஒருவேளை சட்னி இல்லாமல் இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம்.

இதே சுண்டிப் பார்க்கும் பரீட்சையை ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன் வெல்டுக்கும் செய்துவிட்டு, "பார்த்தாச்சு சார், நல்லா இருக்கு, தைரியமா ஓட்டுங்க" என்று சொன்னால்? அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது. ஏனென்றால் அந்தத் தேங்காய் உடைகிற இடம் சமையலறை இல்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவு.

விஷயம் இதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு தொகுதி வண்டிகளில் சஸ்பென்ஷன் பாகங்களின் வெல்டிங் சரியில்லை என்று தெரியவருகிறது. கம்பெனி கடிதம் போடுகிறது. இப்படிப்பட்ட கடிதங்கள் இரண்டு வகை. முதல் வகை, "வண்டியைக் கொண்டுவாருங்கள், பாகத்தை மாற்றித் தருகிறோம்" என்கிறது. இரண்டாம் வகை, "வண்டியைக் கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்க்கிறோம், *தேவைப்பட்டால்* மாற்றித் தருகிறோம்" என்கிறது. அந்தத் 'தேவைப்பட்டால்' என்கிற ஒற்றை வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும் பித்தலாட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு தொகுதியின் மேல் சந்தேகம் வந்துவிட்டால், அதில் உள்ள ஒவ்வொரு வெல்டும் நல்லது என்று நிரூபிக்க வேண்டியது அதைச் செய்த கம்பெனி. நிரூபிக்க முடியவில்லையா? மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 'டார்ச் அடித்துப் பார்த்தோம்' என்று மூன்றாவது வழி ஒன்று கிடையாது. இருக்கக் கூடாது.

அந்த ரெண்டு அங்குல வெல்டு என்னதான் சுமக்கிறது?

காரின் சக்கரம் காற்றில் தொங்கவில்லை. ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று 'ஏ' வடிவக் கைகள் இரண்டு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மெக்கானிக்குகள் அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் என்பார்கள். ஒரு முனையில் பால் ஜாயின்ட், மறுமுனையில் புஷ். எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பல வண்டிகளில் இவை இரும்புக் குழாய்களை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்துச் செய்யப்படுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு. 1,400 கிலோ எடையுள்ள வண்டி ஒரு வளைவில் வேகமாகத் திரும்புகிறது. வெளிப்பக்க முன்சக்கரத்தின் டயரில் மட்டும் பக்கவாட்டில் 500 கிலோ அழுத்தம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்திலும், அப்பர் ஆர்மின் ஜாயின்ட் 40 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால், நெம்புகோல் கணக்குப்படி லோயர் ஆர்மில் விழுவது 500 கிலோ இல்லை, 800 கிலோ. அப்பர் ஆர்மில் எதிர்த்திசையில் 300 கிலோ. இது சமமான ரோட்டில் சும்மா திரும்புவதற்கு மட்டும். அதோடு பிரேக், அதோடு ஒரு பள்ளம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

இந்தச் சுமை முழுவதும் குழாயும் பிராக்கெட்டும் சேரும் அந்த ரெண்டு அங்குல வெல்டு வழியாகத்தான் போகிறது. அது விட்டுப்போனால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஸ்டியரிங் கையில் இருக்கும், வண்டி கையில் இருக்காது. இன்ஜின் நின்றுபோனால் ஓரமாக உருட்டிக்கொண்டு போகலாம். ஏசி கெட்டால் கண்ணாடியை இறக்கலாம். சஸ்பென்ஷன் கை உடைந்தால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

வெல்டு எங்கே கெட்டுப்போகிறது?

வெல்டிங் என்றால் ரெண்டு இரும்பை ஒட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. ரெண்டு இரும்பையும் ஓரத்தில் உருக்கி ஒன்றாக உறைய வைப்பதுதான் வெல்டிங். வெளியே தெரியும் அந்த மேடு, நகைக்கு மேல் போட்ட பாலிஷ் மாதிரி. வேலை நடப்பது உள்ளே. உருகிய உலோகம் அடிவரை இறங்கியதா, இரண்டு பக்கமும் கலந்ததா என்பதுதான் கேள்வி.

இறங்காமல் போக எத்தனையோ காரணம். காற்றுப் படாமல் காக்கும் வாயு குறைந்தால் உள்ளே நுண்ணிய ஓட்டைகள் விழும். குழாயின் வெட்டு சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தால் உலோகம் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். ரோபோவின் கை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் மேடு அழகாக விழும், ஆனால் ஜாயின்ட்டின் மேல் விழாது, பக்கத்தில் விழும்! பார்ப்பதற்கு வெல்டு, வேலைக்கு வெறும் அலங்காரம்.

இன்னொன்றும் இருக்கிறது. மனிதன் தப்புச் செய்தால் ஒன்று ரெண்டில் செய்வான். ரோபோ தப்புச் செய்தால் யாராவது கண்டுபிடிக்கும்வரை ஒவ்வொன்றிலும் அதே தப்பைச் சிரத்தையாகச் செய்யும். அதனால்தான் 'ஒரு வண்டியில் மட்டும் கோளாறு' என்று கம்பெனி சொல்லும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அந்த ஒன்றுக்கு முன்னாலும் பின்னாலும் வந்தவை எங்கே?

கண் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

சர்வீஸ் சென்டரில் நடக்கும் 'சோதனை' பெரும்பாலும் என்ன? வண்டியை லிஃப்டில் ஏற்றுவார்கள். சக்கரத்தைக் கழற்றுவார்கள். துணியால் துடைத்து, டார்ச் அடித்து, உற்றுப் பார்ப்பார்கள். விரிசல் இருக்கிறதா? வெல்டு ஓரத்தில் துருக்கோடு தெரிகிறதா? பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா? இடப்பக்கமும் வலப்பக்கமும் வெல்டு ஒரே மாதிரி இருக்கிறதா? அவ்வளவுதான். "நல்லா இருக்கு சார்."

இதில் எதுவும் தப்பான வேலை இல்லை. வண்டி வைத்திருக்கும் யாரும் செய்ய வேண்டிய வேலைதான் அது. ஏற்கெனவே விரிசல் விட்ட வெல்டை இந்தச் சோதனை பிடித்துவிடும். ஆனால் கவனியுங்கள், கண் குற்றவாளியைப் பிடிக்கலாம், நிரபராதி என்று தீர்ப்பு எழுத அதனால் முடியாது. விரிசல் இருந்தால் வெல்டு கெட்டது என்று அர்த்தம். விரிசல் இல்லாவிட்டால் வெல்டு நல்லது என்று அர்த்தமில்லை. *இன்னும்* விரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

உலோகச் சோர்வு என்பது அப்படிப்பட்ட நோய். கம்பியை ஒரு தடவை வளைத்தால் உடையாது, முன்னும் பின்னுமாக இருபது தடவை வளைத்தால் உடையும். ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு பிரேக்கும் ஒரு வளைவு. உள்ளே சரியாகச் சேராத இடத்திலிருந்து விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்து, ஒருநாள் மிச்சமிருக்கும் உலோகத்தால் தாங்க முடியாமல் பட்டென்று போகும். சோதனை நடந்த அன்று எல்லாம் சுபம்தான்.

சரி, கண் போதாதென்றால் வேறு கருவியே இல்லையா? இருக்கிறது. சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினால் விரிசலுக்குள் போன சாயம் கோடாக வெளியே வரும். ஆனால் மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசல் மட்டும்தான் மாட்டும். அதற்கும் முதலில் பெயின்டைச் சுரண்ட வேண்டும். பவுடர் கோட்டிங் போட்ட பாகத்தின் மேல் சாயம் தடவுவது ரெயின்கோட் போட்டவருக்குத் தலைக்குக் குளிப்பாட்டுவது மாதிரி. காந்தத் துகள் சோதனை இரும்பில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரை பார்க்கும். எக்ஸ்ரே உள்ளே இருக்கும் ஓட்டைகளை நன்றாகக் காட்டும், ஆனால் உருகிச் சேராத தட்டையான இடைவெளி கதிரின் கோணத்துக்கு ஒத்துவராவிட்டால் தப்பித்துவிடும். அல்ட்ராசோனிக் நல்ல கருவி, ஆனால் ரெண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயில் அதைச் சரியாகப் பயன்படுத்துவது பெரும்பாடு.

உள்ளதை உள்ளபடி சொல்லும் சோதனை ஒன்று உண்டு. வெல்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்ப்பது. உலோகம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று படம் போட்ட மாதிரி தெரியும். என்ன, அறுத்த பிறகு அந்தப் பாகம் வண்டிக்கு ஆகாது! தேங்காயை உடைத்துப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். ஆகவே அறுத்துப் பார்ப்பதற்கு உரிய இடம் தொழிற்சாலை, உரிய நேரம் வண்டி வெளியே போவதற்கு முன். அப்போது செய்யாமல் விட்டதை, வண்டி விற்ற பிறகு ஒரு டார்ச் லைட் செய்துவிடும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை கணக்கு

ஏன் இப்படி? ஒரு காரணம் எல்லோருக்கும் புரிகிற காரணம்: பணம்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 வண்டிகள். பாகத்தை மாற்ற வண்டிக்கு 50,000 ரூபாய். மொத்தம் 5 கோடி. வெறுமனே பார்க்க வண்டிக்கு 2,000 ரூபாய். மொத்தம் 20 லட்சம். 'பார்த்தாச்சு சார்' என்ற ஒரு வசனத்தின் விலை 4 கோடியே 80 லட்சம்! கணக்கியல் படித்தவர்களுக்குத் தெரியும், வாரண்டிச் செலவுக்கு என்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைப்பார்கள். அந்த ஒதுக்கீடு குறைந்தால் லாபம் கூடும். அந்த வருஷ அறிக்கை அழகாக இருக்கும். குறையாதது ஒன்றே ஒன்று, ரோட்டில் ஓடும் அபாயம். அது கம்பெனியின் ஏட்டிலிருந்து வண்டி ஓட்டுபவரின் ஏட்டுக்கு, எதிரே வருபவரின் ஏட்டுக்கு, நடைபாதையில் போகிறவரின் ஏட்டுக்கு மாற்றப்படுகிறது. அவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

காமர்ஸ் வகுப்புகளில் ஃபோர்டு பின்டோ கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1973-ல் ஃபோர்டு தயாரித்த ஒரு குறிப்பில் ஓர் உயிருக்கு 2,00,000 டாலர், ஒரு தீக்காயத்துக்கு 67,000 டாலர், எரிந்த வண்டிக்கு 700 டாலர் என்று விலை போட்டு, 180 மரணம், 180 காயம், 2,100 வண்டி என்று பெருக்கி, மொத்த நன்மை 4.95 கோடி டாலர் என்றார்கள். வண்டிக்கு 11 டாலர் வீதம் 1.25 கோடி வண்டிகளுக்கு ஆகும் செலவு 13.7 கோடி டாலர். ஆகவே செய்ய வேண்டியதில்லை! நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குறிப்பு பின்டோவைப் பற்றி மட்டும் எழுதியதல்ல, வண்டி உருளும்போது பெட்ரோல் கசிவதைத் தடுக்கும் ஒரு விதியைப் பற்றி, எல்லாக் கம்பெனி வண்டிகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. உயிருக்கு விலை போட்டதும் அவர்களாக அல்ல, அரசுத் துறையே கொடுத்த எண். ஆனால் பாடம் மாறவில்லை. பெருக்கல் கணக்கில் வருகிறவர்கள் யாரும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கவில்லை.

முடியும் என்று செய்து காட்டியவர்கள்

"எல்லாத்தையும் மாத்தணும்னா எந்தக் கம்பெனியும் தாங்காது" என்பார்கள். தாங்கியிருக்கின்றன.

அதே ஃபோர்டு. 2004 டிசம்பர். லே மான்ஸ் பந்தயத்தில் 1966 முதல் 1969 வரை வரிசையாக ஜெயித்த ஜிடி40-ன் நினைவாக ஃபோர்டு ஜிடி என்றொரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கியிருந்தார்கள். 550 குதிரைத்திறன், சுமார் 1,40,000 டாலர் விலை. சோதனை வண்டியில் சஸ்பென்ஷன் கை ஒன்று உடைந்தது. இங்கே வெல்டு இல்லை, வார்ப்பு. செலவைக் குறைக்கப் பாதி உருகிய அலுமினியத்தை அச்சில் அழுத்தும் ஒரு புது முறையில் செய்தவை. ஆனால் நோய் ஒன்றுதான், உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் குறை. ஃபோர்டு என்ன செய்தது? 'கொண்டுவாருங்கள், பார்க்கிறோம்' என்று சொல்லவில்லை. அதுவரை செய்த அத்தனை வண்டிகளுக்கும் ரீகால். தீர்வு வரும்வரை *ஓட்டவே வேண்டாம்* என்று சொல்லிவிட்டார்கள். முதலில் முழு அலுமினியக் கட்டியைக் கடைந்து செய்த கைகளைப் பொருத்தினார்கள். பிறகு பழைய, நம்பகமான வார்ப்பு முறைக்கே திரும்பினார்கள். புது முறையில் மிச்சம் பிடித்த காசு எல்லாம் எங்கே போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம் :-)

"அது பணக்காரன் கார், அதான் செய்தார்கள்" என்று யாராவது சொன்னால், 2018-க்கு வரலாம். சுபாரு அசென்ட், அப்போது சுமார் 32,000 டாலரிலிருந்து ஆரம்பித்த குடும்ப வண்டி. அமெரிக்காவில் இண்டியானா தொழிற்சாலையில் ரோபோவுக்குக் கொடுத்த நிரலில் தவறு. நடுத்தூண் பக்கத்தில் சில ஸ்பாட் வெல்டுகள் விழவே இல்லை. மொத்தம் 293 வண்டிகள், வாடிக்கையாளர் கைக்குப் போனவை வெறும் 9. விட்டுப்போன வெல்டைப் பிறகு போட வழியில்லை. சுபாரு அந்த வண்டிகளை அழித்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் புது வண்டி தருவதாக அறிவித்தது. போர்ஷே 2014-ல் 911 ஜிடி3 வண்டிகளில் கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து இரண்டு வண்டிகள் தீப்பிடித்ததும், 785 வண்டிகளுக்கும் இன்ஜினையே மாற்றியது. போல்ட்டை முறுக்கிப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று அனுப்பவில்லை.

ஒட்டுப் போட்டவர்கள்

இனி மறுபக்கம். 2014 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகன், பின்சக்கர சஸ்பென்ஷன் கை உடையக்கூடும் என்று ஜெட்டா, பீட்டில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் சுமார் 4.4 லட்சம். சீனாவில் அங்கே சாகிட்டார் என்று விற்ற வண்டியும் பீட்டிலும் சேர்த்து 5.8 லட்சத்துக்கு மேல். முன்பு இடிபட்டு வளைந்த கைகள்தான் உடையும் என்றது கம்பெனி. தீர்வு? புதுக் கை இல்லை. இருக்கும் கையோடு ஓர் உலோகத் தகடு. கை உடைந்தால் அந்தத் தகடு வண்டியைத் தாங்குமாம், சத்தம் போட்டு எச்சரிக்குமாம்!

உடையாமல் இருக்கத் தீர்வு கேட்டால், உடைந்தால் சத்தம் வரும் என்று தீர்வு கொடுத்தார்கள். சீனாவில் வண்டி உரிமையாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடலாம். உயிருக்கு?

ஜெனரல் மோட்டார்ஸ் கதை இன்னும் மோசம். அது இக்னிஷன் சுவிட்ச், சஸ்பென்ஷன் இல்லை. ஆனால் 'எந்த வண்டியில் எந்தப் பாகம்' என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஓடும்போதே சுவிட்ச் தானாக நழுவி இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகும் குறை. 2006-ல் பாகத்தைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள், பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. விளைவு, நல்லதும் கெட்டதும் ஒரே எண்ணில். 2014-ல் ரீகால் வந்தபோது, பழைய சுவிட்ச் ஸ்பேர் பார்ட்டாக எந்த வண்டிக்குப் போனது என்று பிரிக்க முடியாமல் பிந்தைய வருஷ வண்டிகளையும் சேர்க்க வேண்டியதாயிற்று. மொத்தம் சுமார் 26 லட்சம் வண்டிகள். அந்தப் பட்டியலில் பான்டியாக் சால்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களும் உண்டு. கம்பெனியே அமைத்த நஷ்டஈட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் 124. 2015-ல் அமெரிக்க அரசுக்குக் கட்டிய தொகை 90 கோடி டாலர். ஆகவே 'இந்தச் சேசிஸ் எண்ணிலிருந்து இந்த எண் வரைதான் பிரச்சினை' என்று எந்தக் கம்பெனியும் சொன்னால், 'அது எப்படித் தெரியும்?' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

வழக்கமான மூன்று சால்ஜாப்புகள்

*ஒன்று:* "இத்தனை வருஷம் ஓடியதே, ஒன்றும் ஆகலையே!" போர்ஷே கரேரா ஜிடி என்ற வண்டியின் 2004, 2005 மாடல்களுக்கு 2023-ல் ரீகால் வந்தது. சஸ்பென்ஷன் கைகளில் இருக்கும் உருண்டை ஜாயின்ட்டின் உலோகம் அரிப்பையும் சுமையையும் போதுமான அளவு தாங்காதது. அமெரிக்காவில் 489 வண்டிகள், ஓட்ட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து! காலம் கடந்தால் குறை கரைந்து போகாது, வளரும்.

*இரண்டு:* "ஓட்டுகிறவர்கள் டிராக்கில் விரட்டுகிறார்கள், அதான் உடைகிறது." விளம்பரத்தில் மலைப்பாதையில் டயர் கதறக் கதற ஓட்டிக் காட்டி விற்றது யார்? வேகத்துக்காக விற்ற வண்டியை வேகமாக ஓட்டினார் என்று குற்றம் சாட்டுவது, குடையை மழையில் பிடித்ததால் நனைந்தது என்று சொல்வது மாதிரி. டிராக்கில் ஓட்டினால் பிரேக் பேடு தேயலாம், டயர் தேயலாம். தொழிற்சாலை போடாத வெல்டு எப்படித் தேயும்?

*மூன்று:* "நல்ல பாகத்தையும் கழற்றி எறிவது வீண் செலவு." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 100-ல் 95 நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்த 95 எது என்று சொல்லத் தெரியாதவரை, 100-ம் சந்தேகத்துக்கு உரியவைதான். மாத்திரையில் பூச்சி விழுந்த பாட்டில் என்றால் மொத்தத் தொகுதியையும் திரும்பப் பெறுகிறார்கள், ஒவ்வொரு மாத்திரையாகக் கண்ணால் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதில்லை. தவிர, கழற்றிய பாகங்களை அறுத்துப் பார்த்தால் எந்த நாள், எந்த ரோபோ, என்ன தப்பு என்று கம்பெனிக்கே தெளிவாகும். அது வீண் இல்லை, பாடம்.

அப்போ கேட்க வேண்டியது என்ன?

'பார்த்தாச்சு சார்' என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வராமல் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்:

1. எந்த முறையில் சோதித்தீர்கள்? கண்ணாலா, சாயமா, காந்தத் துகளா, அல்ட்ராசோனிக்கா?

2. பெயின்டை எடுத்துவிட்டுப் பார்த்தீர்களா, பெயின்டோடு பார்த்தீர்களா?

3. இதே தொகுதியில் எத்தனை பாகங்களை அறுத்துப் பார்த்தீர்கள்? என்ன கிடைத்தது?

4. என் வண்டி பட்டியலில் இருக்கிறது, பக்கத்து எண் இல்லை என்று எதை வைத்துப் பிரித்தீர்கள்?

5. 'இந்த வெல்டு நல்லது' என்று கையெழுத்து, தேதி, முத்திரையோடு எழுதித் தருவீர்களா?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். வாயால் சொல்வது சுலபம். எழுதித் தரச் சொன்னால் மேனேஜரைக் கூப்பிடுவார்கள், மேனேஜர் தலைமை அலுவலகத்தைக் கூப்பிடுவார். எழுதித் தர முடியாத நம்பிக்கையை வண்டி ஓட்டுபவர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

சட்டம் உதவாதா? கொஞ்சம் உதவும். அமெரிக்காவில் 1966-லிருந்து வாகனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் ரீகால் வேலை முடியாத பழைய வண்டியை டீலர் விற்பதை அங்கே மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. இந்தியாவில் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி உச்சபட்ச அபராதம் 1 கோடி ரூபாய். ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் காரின் விலையே அதைவிடக் கூடுதல்! மேலே போட்ட கற்பனைக் கணக்கில் மிச்சமான 4 கோடியே 80 லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், கணக்குப்பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது புரியும்.

சட்டம் செய்ய வேண்டிய மாற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் பிடித்திருக்கும் பாகங்களில் உள்குறை என்று சந்தேகம் வந்தால், 'சோதித்து, தேவைப்பட்டால்' என்ற வகை ரீகாலை ஏற்கவே கூடாது. உள்ளே பார்க்கும் முறையில் சோதித்து எழுதிக் கொடு, அல்லது மாற்று. அதுவரை மாற்று வண்டி கொடு. இவ்வளவுதான்.

வெல்டு போட்டது கம்பெனி. போட்ட அன்றைக்கு ஒரு பாகத்தை அறுத்துப் பார்க்கும் வசதி இருந்தது அதனிடம். ரோபோவின் பதிவுகள் இருப்பதும் அதனிடம். விற்ற பணம் போனதும் அதனிடம். வண்டி வாங்கியவரிடம் இருப்பது ஒரு ஜாக்கி, ஒரு டார்ச், நிறைய நம்பிக்கை. தெரிந்துகொள்ளும் வசதி முழுக்க ஒரு பக்கம் இருக்கும்போது, தெரியாததால் வரும் ஆபத்தை மட்டும் மறுபக்கம் தள்ளிவிடுவதற்குப் பெயர் சோதனை இல்லை. கை கழுவுவது.